களைப்பை எடை போட்டவர்கள்

சென்ற தை மாதம் என் அக்கா மகள் எங்கள் வீட்டுக்கு வந்து நாலு நாள் தங்கினாள். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷமாக நர்ஸ் உத்தியோகம் பார்ப்பவள். எப்போது வந்தாலும் வாய் ஓயாமல் பேசிக் கூடத்தையே கலகலப்பாக்கி விடுவாள். இந்தத் தடவை ஊஞ்சலில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக் கொண்டிருந்தாள். இரண்டாம் நாள் சாயங்காலம் காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தானாகவே ஆரம்பித்தாள்.

"மாமா, எங்க ஆஸ்பத்திரியிலே ஒரு கேள்வித்தாள் கொடுத்தாங்க. வேலையிலே சலிப்பு வருதா, நோயாளிகளைப் பார்த்தா எரிச்சல் வருதான்னு வரிசையாக் கேள்வி. ஒவ்வொண்ணுக்கும் 'ஒருபோதும் இல்லை'யிலே ஆரம்பிச்சு 'தினமும்' வரைக்கும் கட்டம் போட்டிருந்தது. மேலே பேர் எழுதச் சொன்னாங்க. திருப்பி வாங்கிக்கிட்டுப் போனது எங்க மேட்ரன் அம்மா. நான் எல்லாத்துக்கும் 'ஒருபோதும் இல்லை'ன்னு போட்டுட்டேன்."

"ஏனம்மா அப்படி?"

"பேர் இருக்கே மாமா! வேற எப்படிப் போடுறது?" என்றவள், சற்றுப் பொறுத்து, "இப்போ எங்க வார்டிலே எல்லாரும் மனநிறைவோட வேலை செய்யறோம்னு சொல்லிட்டாங்க. அதனாலே கூடுதல் ஆள் தேவையில்லையாம். மனசோட களைப்பைத் தாளைக் கொடுத்து அளக்க முடியுமா, மாமா?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வெளியே வந்தவன். மனோதத்துவத்துக்கும் எனக்கும் உள்ள உறவெல்லாம் என் கதாபாத்திரங்கள் வழியாக ஏற்பட்டதுதான். ஆயினும் அவள் கேட்ட கேள்வி மனத்தை விட்டு அகலவில்லை. அவள் ஊருக்குப் போன பிறகு, புத்தகங்களையும் ஆராய்ச்சிக் கட்டுரைகளையும் தேடிப் பிடித்து இரண்டு மாத காலம் படித்தேன். படிக்கப் படிக்க, அது ஒரு நாவலுக்கு வேண்டிய திருப்பங்கள் எல்லாம் உள்ள சரித்திரமாக இருந்தது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

களைப்பை அளக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. இத்தாலியில் டூரின் நகரத்தில் ஆஞ்சலோ மோஸ்ஸோ என்ற உடற்கூற்று ஆசிரியர் இருந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அவர் ஒரு கருவி செய்தார். கையை ஒரு பலகையில் கட்டிவிடுவார்கள். நடு விரலில் மட்டும் ஒரு கயிறு. கயிற்றின் மறு முனையில் ஒரு எடைக்கல். விரலை மடக்கி மடக்கி அந்தக் கல்லைத் தூக்க வேண்டும். ஒவ்வொரு தூக்கலையும் ஓர் ஊசி, சுழலும் உருளையின் மேல் கோடாக எழுதிக்கொண்டே போகும். முதலில் உயரமாக எழும் கோடுகள் வரவரக் குட்டையாகிக் கடைசியில் தரையோடு தரையாகிவிடும். அதுதான் களைப்பின் படம். 1891-ல் மோஸ்ஸோ களைப்பைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி வெளியிட்டார்.

அவர் செய்த சோதனைகளில் ஒன்று என்னைக் கவர்ந்தது. அவருடைய சகாவான ஓர் ஆசிரியர் மாணவர்களுக்கு வாய்மொழிப் பரீட்சை நடத்துவதற்கு முன்பும் நடத்திய பின்பும் அவருடைய விரலைச் சோதித்தார்கள். பரீட்சைக்குப் பிறகு விரலின் பலம் குன்றிப் போயிருந்தது! அந்த ஆசிரியர் மூட்டை தூக்கவில்லை. கேள்வி கேட்டார், பதிலைக் கேட்டார், அவ்வளவுதான். மனம் உழைத்ததற்கு விரல் கூலி கொடுத்தது.

பிறகு முதல் உலக யுத்தம் வந்தது. இங்கிலாந்தின் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் ஆண்களும் பெண்களும் இரவு பகலாக உழைத்தார்கள். அவர்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்தால் எவ்வளவு களைப்பு என்று அறியச் சர்க்காருக்கு அவசரமான தேவை ஏற்பட்டது. 1918-ல் தொழிற் களைப்பை ஆராய்வதற்கென்றே ஒரு வாரியம் அமைத்தார்கள். அதில் பணியாற்றியவர்களில் ஒருவர் பெர்னார்ட் மஸ்கியோ என்ற ஆஸ்திரேலியர். 1921-ல் அவர், களைப்புக்கு ஒரு சோதனை சாத்தியமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். அவர் கேட்டது இதுதான்: ஒரு சோதனை களைப்பை அளக்கிறது என்று எப்படித் தெரியும்? களைப்பு இன்னது என்று வேறு வழியில் முன்கூட்டியே தெரிந்திருந்தால் அல்லவா ஒப்பிட்டுப் பார்க்கலாம்? அது தெரியவில்லையே! ஆகையால் களைப்பு என்ற சொல்லையே துல்லியமான விஞ்ஞானப் பேச்சிலிருந்து விலக்கிவிடலாம், அதற்குச் சோதனை கண்டுபிடிக்கும் முயற்சியையும் கைவிடலாம் என்று முடிவு கட்டினார்.

களைப்பை ஆராயச் சம்பளம் வாங்கிய மனிதர் களைப்பே இல்லை என்று தள்ளிவிட்டாரா? அப்படியல்ல. அளவுகோல் கையில் இல்லாமல் நீளத்தைப் பற்றிப் பேசாதே என்றார். அந்த எச்சரிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் பிற்பகுதியில் அது திரும்பி வரும்.

கருவி கைவிட்ட இடத்தில் காகிதம் வந்தது. அதுவும் யுத்தத்தின் குழந்தைதான். குண்டுகளின் அதிர்ச்சியில் மனம் உடைந்து போகக்கூடிய சிப்பாய்களை முன்னதாகவே கண்டுபிடிக்க வேண்டி, அமெரிக்காவில் ராபர்ட் உட்வொர்த் என்பவர் ஆம், இல்லை என்று பதில் சொல்லத்தக்க நூற்றுச் சொச்சம் கேள்விகளைத் தயாரித்தார். அவை பயன்படுவதற்குள் யுத்தம் முடிந்துவிட்டது. ஆனால் மனிதனின் மனத்தை அறிய மனிதனையே கேட்டுவிடலாம் என்ற யோசனை முடிந்துவிடவில்லை. 1932-ல் ரென்சிஸ் லிக்கர்ட் என்பவர், ஆம் இல்லை என்ற இரண்டோடு நிறுத்தாமல் நடுவிலும் பல படிகள் வைத்துக் கேட்கும் முறையை வகுத்தார். என் அக்கா மகள் கண்ட கட்டங்களுக்குப் பூர்வோத்தரம் இதுதான்.

இனி, எரிந்து ஓய்ந்த கதைக்கு வருவோம்.

1960-களின் தொடக்கத்தில் கிரஹாம் கிரீன் எழுதிய ஒரு நாவல் வந்தது. புகழ் பெற்ற கட்டடக் கலைஞன் ஒருவன் எல்லாவற்றிலும் ருசி அற்றுப்போய், காங்கோ நாட்டில் ஒரு தொழுநோய் விடுதியைத் தேடிப் போகிறான். நோய் ஒரு மனிதனிடம் எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு, இனி எடுக்க ஒன்றுமில்லை என்று தானாக அடங்கிவிட்டால், அந்த நோயாளியை 'எரிந்து முடிந்த கேஸ்' என்பார்கள். அதுவே நாவலின் தலைப்பு. தொழுநோயாளிக்கு உணர்ச்சி மரத்துப் போகிறது; விரல் சுட்டாலும் தெரிவதில்லை. கட்டடக் கலைஞனுக்கு மனம் மரத்துவிட்டது. வைத்தியர்கள் புள்ளிவிவரம் எடுப்பதற்குப் பத்து வருஷம் முன்பே ஒரு நாவலாசிரியர் நாடி பிடித்துவிட்டார் என்று சொல்வதில் எனக்குக் கொஞ்சம் தொழில் கர்வம் உண்டு. வாசகர்கள் மன்னிக்கவும்.

அந்தச் சொல்லை உத்தியோகத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் பிராய்டன்பர்கர். சிறு பிராயத்தில் நாஜிகளின் ஜெர்மனியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர். நியூயார்க்கில் பகல் முழுதும் தம்முடைய சொந்த வைத்தியத் தொழிலைப் பார்ப்பார். மாலையில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்துக்குப் போய் நள்ளிரவு வரைக்கும் வேலை. அங்கே வந்த போதைப் பழக்கக்காரர்களை, எரிந்து போனவர்கள் என்று தெருப் பேச்சில் சொல்வது வழக்கம். நாளடைவில், தொண்டு செய்ய ஆசையோடு வந்த இளைஞர்களும் அதே மாதிரி ஆகி வருவதை அவர் கண்டார். தாமும் அப்படி ஆனதையும் கண்டார். குடும்பத்தோடு உல்லாசப் பயணம் கிளம்ப வேண்டிய நாளில் அவரால் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியவில்லையாம். பிறகு ஓர் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு தம் மனத்தில் உள்ளதைத் தாமே பேசிப் பதிவு செய்து, ஒரு நோயாளியின் பேச்சைக் கேட்பதுபோல் கேட்டுப் பார்த்தார். 1974-ல் அவர் எழுதிய கட்டுரையோடு 'பர்ன் அவுட்' என்ற வார்த்தை மனோதத்துவத்தில் குடியேறியது.

அவர் கேட்டது ஒரே ஒரு மனிதரை. ஆயிரம் பேரைக் கேட்பது எப்படி? அதற்கு வந்தவர் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற பெண்மணி.

1971-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பிலிப் ஜிம்பார்டோ என்ற பேராசிரியர் ஒரு விபரீத சோதனை நடத்தினார். மாணவர்களில் சிலரைச் சிறைக் காவலர்களாகவும் சிலரைக் கைதிகளாகவும் நடிக்கச் செய்தார். இரண்டு வாரம் என்று திட்டம். சில நாட்களில் நடிப்பு நிஜமாகி, காவலர்கள் கைதிகளைப் படுத்த ஆரம்பித்தார்கள். அப்போதுதான் டாக்டர் பட்டம் முடித்திருந்த மாஸ்லாக் அதைப் பார்க்க வந்தார். இது அக்கிரமம் என்று கண்ணீரோடு சண்டை போட்டார். ஆறாம் நாள் சோதனை நின்றது. இத்தனைக்கும் அந்தப் பேராசிரியர் அவர் மணந்துகொள்ள இருந்தவர். அடுத்த வருஷம் கல்யாணமும் நடந்தது.

மனிதன் சக மனிதனை ஒரு ஜடப்பொருளாக நடத்துவது எப்படி நேருகிறது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. காவலர், டாக்டர், நர்ஸ், சமூக ஊழியர் என்று நாள் முழுதும் மனிதர்களோடு மல்லாடுகிறவர்களைத் தேடிப்போய்ப் பேசினார். நல்லவர்களாகவே வேலைக்கு வந்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைப் பெயரால் குறிப்பிடுவதை விட்டுவிட்டு நோயாலும் எண்ணாலும் குறிப்பிடத் தொடங்கியிருந்தார்கள். தம் மனம் நோகாதிருக்க அவர்கள் போட்டுக்கொண்ட கவசம் அது. இதைப் பற்றி ஏழைகளுக்காக வழக்காடும் ஒரு வக்கீலிடம் பேசியபோது, எங்கள் வட்டாரத்தில் இதற்குப் பர்ன் அவுட் என்று பெயர் என்றாராம். கிழக்குக் கரையில் வைத்தியரும் மேற்குக் கரையில் ஆராய்ச்சிக்காரியும் ஒரே வார்த்தையில் வந்து சேர்ந்தார்கள்.

சூஸன் ஜாக்ஸன் என்பவரோடு சேர்ந்து மாஸ்லாக் 1981-ல் தம் அளவுகோலை வெளியிட்டார். முதலில் 47 வாக்கியங்கள் எழுதி 605 பேரிடம் கொடுத்தார்கள். சரிவராதவற்றைக் கழித்துவிட்டு, மிஞ்சியதை வேறு 420 பேரிடம் கொடுத்தார்கள். புடைத்துப் புடைத்துக் கடைசியில் முறத்தில் நின்றவை 22. அவை மூன்று கூறுகளாகப் பிரிந்தன. முதலாவது களைப்பு: மனம் வற்றிப்போவது; இதற்கு 9 வாக்கியம். இரண்டாவது மரத்துப் போதல்: எதிரில் இருப்பவன் மனிதன் என்பதே மறந்துவிடுவது, இதற்கு 5. மூன்றாவது, நாம் உருப்படியாக ஏதோ செய்கிறோம் என்ற திருப்தி, இதற்கு 8. முதல் இரண்டும் ஏறினால் கெடுதல். மூன்றாவது இறங்கினால் கெடுதல். அரிசியைப் படியாலும் துணியைக் கஜத்தாலும் அளந்துவிட்டு இரண்டையும் கூட்டுவார் உண்டோ? அதுபோல் இந்த மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கக் கூடாது.

இந்தத் தாளை நம்பலாமா? இங்கேதான் நம்பிக்கை என்ற வார்த்தையை இரண்டாகப் பிளக்க வேண்டியிருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. என்றைக்கும் பத்து நிமிஷம் முந்தியே காட்டும். ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பன்னிரண்டு என்று காட்டாது. பத்து என்றால் பத்துதான். அது நிலையான கடிகாரம். சரியான கடிகாரம் அல்ல. அளவுகோலுக்கு இரண்டு குணமும் வேண்டும். முதலில் நிலை, பிறகு உண்மை.

நிலையை எப்படிச் சோதித்தார்கள்? ஒரே கூறைச் சேர்ந்த வாக்கியங்கள் ஒரே சுருதியில் சேருகின்றனவா என்று கணக்கிட்டார்கள். ஒன்று என்பது பூரண ஒற்றுமை. களைப்புக்கு 0.90, மரத்துப் போதலுக்கு 0.79, திருப்திக்கு 0.71 வந்தது. பிறகு 53 பேரிடம் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து அதே தாளை மறுபடி கொடுத்தார்கள். களைப்பும் திருப்தியும் 0.80-க்கு மேலோ அதை ஒட்டியோ ஒத்துப்போயின. மரத்துப் போதல் மட்டும் 0.60. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. களைத்துவிட்டேன் என்று சொல்ல யாரும் கூச மாட்டார்கள். எனக்கு இரக்கம் செத்துப்போயிற்று என்று இன்று ஒப்புக்கொண்டவன், அடுத்த மாதமும் ஒப்புக்கொள்வான் என்று எப்படிச் சொல்ல முடியும்?

உண்மையைச் சோதிப்பது இன்னும் கடினம். அதற்கு அவர்கள் வேறு சாட்சிகளைத் தேடினார்கள். 142 போலீஸ்காரர்களையும் அவர்களுடைய மனைவிமாரையும் தனித்தனியே கேட்டு 1982-ல் எழுதினார்கள். களைப்பில் உயர்ந்த எண் வாங்கிய போலீஸ்காரர் வீட்டுக்கு எப்படி வருகிறார் என்று கேட்டால், கோபமும் பதற்றமுமாக வருகிறார் என்று மனைவி சொன்னாள். புருஷனுடைய களைப்புக்குப் பெண்சாதியை விடச் சரியான தராசு எது?

இன்னொன்றும் செய்தார்கள். என் அக்கா மகளுக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அந்தத் தாளின் தலைப்பில் 'பர்ன் அவுட்' என்ற வார்த்தையே இருக்காது. மக்கட் பணியாளர் பற்றிய விசாரணை என்பதுபோல் ஒரு சாதாரணத் தலைப்புத்தான். வார்த்தையைக் கண்டதும் பயந்தோ பாசாங்கு செய்தோ பதில் மாறிவிடக் கூடாது என்பதற்காக. எழுதுகிறவர் தனிமையில், பெயர் தெரியாமல் எழுத வேண்டும்; மேலதிகாரி வாங்கக் கூடாது. தராசைச் செய்தவர்கள் காற்று வீசாத இடத்தில் வைத்து நிறுக்கச் சொன்னார்கள். நிறுக்கிறவர்கள் அதைப் புயலில் கொண்டுபோய் வைத்தால் தராசு என்ன செய்யும்?

ஆனால் தராசைச் செய்தவர்களும் ஒரு தப்புச் செய்தார்கள். எந்த எண்ணுக்கு மேல் போனால் எரிந்தவன், எதற்குக் கீழே இருந்தால் தப்பியவன் என்று எல்லாரும் கேட்டார்கள். அதற்காகப் பழைய பதிப்புகளில், தாங்கள் விசாரித்த கூட்டத்தை மூன்றாகப் பங்கிட்டு, மேல் பங்கு, நடுப் பங்கு, கீழ்ப் பங்கு என்று கோடு கிழித்திருந்தார்கள். ஒரு வகுப்புப் பிள்ளைகளை உயரப்படி நிறுத்தி, கடைசி மூன்றில் ஒரு பங்கை நெட்டையர் என்பது போன்றது இது. எல்லாரும் குட்டையாக இருந்தாலும் மூன்றில் ஒருவன் நெட்டையாகிவிடுவான்! எந்த வைத்தியப் பரிசோதனையிலும் கண்ட கோடு அல்ல அது. வகுத்தல் கணக்கில் வந்த கோடு. பிற்காலப் பதிப்பில் அதை நீக்கிவிட்டார்கள். அதற்குள் கோடு உலகமெங்கும் பரவிவிட்டது.

அதன் பலனை 2018-ல் அமெரிக்க வைத்திய சங்கப் பத்திரிகையில் வந்த ஓர் ஆராய்ச்சி எடுத்துக் காட்டியது. டாக்டர்களில் எத்தனை பேர் எரிந்து ஓய்ந்தவர்கள் என்பதைப் பற்றி 45 நாடுகளில் நடந்த 182 ஆராய்ச்சிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,09,628 டாக்டர்கள். மிகப் பெரும்பாலோர் பயன்படுத்தியது மாஸ்லாக்கின் தாளைத்தான். விடை என்ன தெரியுமா? நூற்றுக்குப் பூஜ்யத்திலிருந்து 80.5 வரை! எரிந்தவன் யார் என்பதற்கு மட்டும் குறைந்தது 142 விதமான வரையறைகள் கையாளப்பட்டிருந்தன. ஒரே படிக்கல்லை வைத்துக்கொண்டு 142 கடைக்காரர்கள் 142 விதமாகச் சேர் என்று கூவினால், சந்தையில் அரிசி என்ன விலை என்று யார் சொல்ல முடியும்?

டென்மார்க்கில் டேகே கிறிஸ்டென்ஸன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இன்னும் அடிப்படையான கேள்வியைக் கேட்டிருந்தார்கள். பர்ன் அவுட் என்றால் என்ன? மாஸ்லாக்கின் தாள் அளப்பது. அந்தத் தாள் அளப்பது எதை? பர்ன் அவுட்டை. இப்படி ஒன்றுக்கு ஒன்று சாட்சி சொன்னால் வழக்கு எப்படித் தீரும் என்றார்கள். 1921-ல் மஸ்கியோ விட்ட எச்சரிக்கை திரும்பி வந்துவிட்டது, பார்த்தீர்களா? அந்த நாட்டுத் தொழிலாளர்களில் சிலருக்கு அமெரிக்கக் கேள்விகளைப் படித்துக் கோபமே வந்ததாம். ஆகவே 2005-ல் அவர்கள் 19 கேள்விகள் கொண்ட வேறு தாளை வெளியிட்டார்கள். களைப்பை மட்டும் மையமாக வைத்து, அது சொந்த வாழ்வில் எவ்வளவு, வேலையால் எவ்வளவு, பணி செய்யப்படும் மனிதர்களால் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டார்கள். 2020-ல் பெல்ஜியத்திலும் ஹாலந்திலும் உள்ளவர்கள் மற்றொன்று செய்தார்கள். அவர்களில் ஒருவர் முன்பு மாஸ்லாக்கோடு சேர்ந்து வேலை செய்தவர்.

உலக சுகாதார ஸ்தாபனம் 2019 மே மாதத்தில் ஒரு விளக்கம் கொடுத்தது. பர்ன் அவுட் ஒரு நோய் அல்ல. வேலையோடு ஒட்டிய ஒரு நிலை. சரியாகச் சமாளிக்கப்படாத நீண்ட கால வேலை நெருக்கடியின் விளைவு. அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. நோய் அல்ல என்றதும் பலர் ஏமாற்றமடைந்தார்கள். எனக்கு அதில் ஒரு நியாயம் தெரிகிறது. நோய் என்றால் மருந்து நோயாளிக்கு. வேலையின் விளைவு என்றால் மருந்து வேலைக்கு. மாஸ்லாக்கும் பல வருஷமாக இதைத்தான் சொல்லி வருகிறார். சுரங்கத்துக்குள் கூண்டில் கொண்டுபோகும் குருவி மூச்சடைத்து விழுந்தால், இன்னும் பலமான குருவியை வாங்குவதா, சுரங்கத்தின் காற்றைச் சுத்தம் செய்வதா என்று கேட்கிறார்.

இவ்வளவும் படித்த பிறகு அக்கா மகளுக்கு டெலிபோன் செய்தேன். "அளக்க முடியும் அம்மா. ஆனால் ஒருத்தியை நிறுத்தி வைத்து, நீ எரிந்தவளா இல்லையா என்று தீர்ப்புச் சொல்ல அது உதவாது. இந்த வார்டு போன வருஷத்தைக் காட்டிலும் வாடியிருக்கிறதா, எந்த வார்டில் ஆள் போதவில்லை என்று பார்ப்பதற்குத்தான் உதவும். அதற்கும் பெயர் போடாத தாள் வேண்டும்" என்றேன்.

அவள் வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் பொய் எழுதினது என்னை மட்டும் பாதிக்கலை, எல்லாரையும் பாதிச்சிருக்கு, இல்லையா மாமா?" என்றாள்.

அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. கணக்கு அப்படித்தான் இருக்கிறது. பயந்துபோய் 'ஒருபோதும் இல்லை' என்று எழுதிய பதினைந்து பேருடைய பயம், தாளில் மனநிறைவாக மாறி நின்றது. அந்தத் தாள் நிலையானதுதான். மறு மாதம் கொடுத்தாலும் அதே பயம் அதே பதிலை எழுதியிருக்கும்.

சென்ற வாரம் அவளே கூப்பிட்டாள். அவளும் அவளோடு வேலை செய்யும் பதினாலு பேரும் சேர்ந்து ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். கேள்வித்தாளை மறுபடி கொடுக்க வேண்டும், பெயர் கேட்கக் கூடாது, மூடிய பெட்டியில் போட அனுமதிக்க வேண்டும் என்று. மனுவில் மட்டும் பதினைந்து பேரும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.